காது மடல் பதம்

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன், பயப்படாதே.

நேற்று வெங்காய பன் செய்தேன். இத்தனை வருடமும் மாவு பிசைவது நீ, வெங்காயம் வதக்குவது நான். கை ஆபரேஷனுக்குப் பிறகு, "இனி என்னால ஒரு பிரயோஜனமும் இல்லடி" என்று சொன்ன நீ, எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. சரி, நானே பிசைந்து பார்க்கலாம் என்று துணிந்தேன்.

ஈஸ்ட் நன்றாகத்தான் நுரைத்தது. பதம்தான் பிடிபடவில்லை. "காது மடல் மாதிரி இருக்கணும்" என்பதற்கு மேல் நீ எதுவும் சொல்லித் தந்ததில்லையே. ஒரு கையால் மாவையும் மறு கையால் என் காதையும் அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் எட்டிப் பார்த்து, "என்ன, கம்மல் மாவுல விழுந்துடுச்சா?" என்றார்.

பன் கல்லாக வந்தது. "இதை வச்சு ஆணி அடிக்கலாம்மா. பெரியம்மா இருந்திருந்தா திட்டியே மாவை உப்ப வச்சிருப்பாங்க" என்றாள் உன் செல்லம்.

தப்பு எங்கே என்று ராத்திரி படுத்தபோதுதான் புரிந்தது. என் காது மடல் மெலிந்தது, விறைப்பானது. உன்னுடையது மெத்தென்று இருக்கும். இந்த வீட்டுப் பன்னுக்கு அளவு உன் காதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வா. மாவை நான் பிசைகிறேன். உன் கைக்கு ஒரு வேலையும் இல்லை, காதை மட்டும் கொண்டு வா.

சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிய
உன் தங்கை