இனி உன் அம்மாவுக்கு வாந்தி வராது

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், நலம் என்று முழுசாக எழுத இந்தத் தடவை கை வரவில்லை. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் இனியனும் சுகமாக இருக்கக் குச்சனூர் சாமியை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது தாயி.

அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாதது நீ அறிந்ததுதான், சின்னமனூரிலிருந்து தேனி போவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்து கசக்கிவிடுவாள். உன் பிரசவத்துக்கு வர ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியபோது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் அவள் துவண்டுவிட, உசிலம்பட்டியில் குளுக்கோஸ் ஏற்றி அப்படியே திரும்பினோம். பெத்த மகள் அங்கே ஒண்டியாக வலி தாங்குகிறாளே என்று அவள் அன்றைக்கு அழுததை நான் உன்னிடம் சொன்னதில்லை. ஆடி மாதம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கிருமி பரவி, ரத்தம் வரைக்கும் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும், ஊசி போட்டுத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சுவரைப் பிடித்தே நடந்தாள், முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்தாள். உடம்பு அசதி என்றாள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசியில் மேகமலை எஸ்டேட்டில் உன் மாமா சின்னச்சாமி தன் மகளுக்குச் சடங்கு வைத்தார். நான் வேண்டாம் என்றும் கேட்காமல், கூடப்பிறந்தவன் வீட்டு விசேஷம் என்று பஸ் ஏறிவிட்டாள். வளைவுக்கு வளைவு பஸ் திரும்புகிறது, இளவட்டங்களே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள், உன் அம்மா வேர்க்கடலை தின்றுகொண்டு வருகிறாள். ஏங்க, எனக்கு ஒண்ணுமே செய்யல பாத்தீகளா, குச்சனூரு சாமி எம் மேல இருந்து சனிப் பார்வைய எடுத்துட்டாரு, இனிமே பிளேனு ஏறி எம் பேரனப் பாத்துட்டு வந்துருவேன் என்று சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குப் பொழுது சாய்ந்து, மாமா குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து கோயிலுக்கு நடக்கும்போது, கல் தடுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை, வெட்டின வாழை மாதிரி தேயிலைச் செடிக்குள் சாய்ந்தாள். தூக்கி உட்கார வைத்த பிறகுதான், நடந்தா எதுத்தாப்புல வாற மூஞ்சியெல்லாம் குதிக்குதுங்க, யாருன்னே தெரிய மாட்டேங்குது என்று மெதுவாகச் சொன்னாள்.

மலை இறங்கியதும் காது டாக்டர் எபனேசரிடம் கூட்டிப்போனேன். அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று திருப்பித் திருப்பிக் கண்ணையே பார்த்தார், பிறகு என்னென்னவோ சோதனை செய்தார். காது கேட்பதற்கு மட்டும் இல்லையாம், உடம்பு ஆடுவதையும் சாய்வதையும் மூளைக்குச் சொல்ல அதற்குள் ஓர் உறுப்பு இருக்கிறதாம். பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் எதிர் சீட்டைப் பார்த்து நாம் அசையவில்லை என்று சேதி அனுப்புகிறது, காதோ குலுங்குகிறோம், திரும்புகிறோம் என்று அனுப்புகிறது, இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்பித்தான் வயிற்றைப் புரட்டுகிறதாம். அம்மாவுக்கு இரண்டு காதிலும் அந்தச் சேதி அனுப்புகிற நுண்ணிய இழைகள் அழிந்துவிட்டன. இனி கண்ணை நம்பித்தான் நிற்க முடியுமாம், இருட்டினாலும் சட்டென்று திரும்பினாலும் சாய்ந்துவிடுவாளாம். உயிரைக் காப்பாற்றிய அதே ஊசி மருந்து சிலருக்கு இப்படியும் செய்துவிடுமாம். அம்மாவுக்கு இனி வண்டியில வாந்தி வராதுங்க ஐயா, ஆனா அது குணமானதால இல்ல, காது மூளைகிட்டப் பேசுறத நிறுத்திருச்சு, அது திரும்ப வராது என்றார். நான் அழுதுவிடாமல் இருக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள், அப்ப நான் பிளேனுல போலாமா டாக்டர் என்று. தாராளமா போலாம் என்றார். அவள் முகம் மலர்ந்தது. அங்கன போயி பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரியலாம்ல என்றாள். அவர், உக்காந்து மடியில வச்சுக்கங்கம்மா, தூக்கிக்கிட்டு நடக்க மட்டும் வேணாம் என்றார்.

போன வாரம் தோட்டத்திலிருந்து வந்தபோது பார்க்கிறேன், உளுந்தைப் பழைய சேலையில் பிள்ளை கனத்துக்குக் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து பழகுகிறாள். கூப்பிட்டால் திரும்பி விழுந்துவிடுவாள் என்று மூச்சைப் பிடித்து நின்றேன். தொட்டிப் பக்கம் திரும்பினாள், சாய்ந்துவிட்டாள். கையை ஊன்றியிருந்தால் தப்பியிருப்பாள், ஊன்றவில்லை, மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி முழங்கை சிராய்க்க விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைங்க என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது, அப்படியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். விஜிகிட்டச் சொல்லிராதீக, பயந்துபோயி வர வேணாம்னு சொல்லிருவா என்று கேட்டுக்கொண்டாள்.

வர வேண்டாம் என்று நீ சொல்லிவிடாதே ஆத்தா. டாக்டர் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்கிறாள், கட்டைவிரலை உற்றுப் பார்த்தபடி தலையை ஆட்டுகிறாள், கொஞ்சம் தேறலாம் என்கிறார்கள். போனில் நீ சொன்னபடி சித்திரைக்கு டிக்கெட் போடு. அவள் படுக்கிற அறையில் விடிய விடிய ஒரு சின்ன விளக்கு எரியட்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கச் சொல், தரையில் விரிப்பு எதுவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், இனியன் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழட்டும்.

மறக்காதே. ஏர்போர்ட்டில் அவளைப் பார்த்ததும் நீ ஓடி வந்து பிள்ளையை நீட்டுவாய். நீட்டாதே தாயி. நீட்டினால் அவள் வாங்கிவிடுவாள், வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது. களைச்சுப் போயிருப்பம்மா, முதல்ல உக்காரு என்று சொல்லி உட்கார வை, பிறகு மடியில் கொடு. அவன் அழுதால் தோளில் போட்டு நடந்துதான் அமர்த்த வேண்டியிருக்கும், அப்போது அடுத்த அறைக்குக் கொண்டுபோய் நட, உன் அம்மா கண் முன்னால் நடக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கப்பாண்டியன்
சின்னமனூர்