பகல் கணக்கா, இரவுக் கணக்கா

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்பாய், நான் எங்கே விட்டேன் என்று தெரியாமல் முழிப்பேன். இந்த விஷயத்தில் ஏற்கெனவே முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் செட் செய்யும் உன் லேப்பில் நிரந்தர வேலை வேண்டாம், ஊருக்கே போகிறேன் என்று மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வை.

போன மாதம் நான் உற்சாகத்தில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஞாயிற்றுக்கிழமை ஜோதிட வகுப்பில் கணக்கு மேடம் புதிதாக அரபுப் பாகங்கள் என்று ஒன்றை ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். இந்தப் பாகம் என்பது கிரகமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, அண்ணாந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. ஜாதகத்தில் மூன்று இடங்களை எடுத்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கிடைக்கிற வெறும் புள்ளி. அதிர்ஷ்ட பாகம் வேண்டுமானால் லக்னம் நிற்கும் டிகிரியோடு சந்திரனுடையதைக் கூட்டி, சூரியனுடையதைக் கழிக்க வேண்டும். அந்தப் புள்ளி எந்த வீட்டில் விழுகிறதோ அந்த வழியில் நல்லது நடக்கும் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு ஒரு பாகம், பயணத்துக்கு ஒரு பாகம் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது, அந்தக் காலத்தில் வெங்காயத்துக்குக்கூட ஒன்று வைத்திருந்தார்களாம். அப்பாவிடம் சொன்னேன். முதல்ல வெங்காயத்துக்குப் போட்டு விலை எப்ப இறங்கும்னு சொல்லு, மத்தவங்க அதிர்ஷ்டத்தை அப்புறம் பாத்துக்கலாம் என்றார்.

அன்றைக்கே உன்னுடையதைப் போட்டேன். நான்காம் வீட்டில் விழுந்தது. நான்கு என்றால் வீடு, தாய், சொந்த ஊர். உடனே உனக்குப் போன் செய்து உன் அதிர்ஷ்டம் இங்கதான்டி இருக்கு என்றேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். எனக்கே ஒண்ணும் புரியலம்மா, நீ சொல்றியேன்னு வந்துடறேன் என்றாய். அடுத்த வகுப்பில் மேடம் சாவகாசமாகச் சொல்கிறார், இரவில் பிறந்தவர்களுக்குச் சூரியனும் சந்திரனும் இடம் மாறும், கூட்டினதைக் கழிக்க வேண்டும், கழித்ததைக் கூட்ட வேண்டும் என்று. நீ பிறந்ததோ சரியாக விடிகிற நேரம். சூரியன் லக்னத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பகல் என்று வைத்தால் புள்ளி சந்திரன் இருக்கிற நான்காம் வீட்டிலேயே விழுகிறது, இரவு என்று வைத்தால் அப்படியே வட்டத்தின் எதிர்ப்பக்கம் பத்தாம் வீட்டுக்குப் போய்விடுகிறது. பத்து என்றால் தொழில், பதவி. ஒரே குழந்தை, ஒரே நேரம். ஒரு கணக்கு வா என்கிறது, இன்னொன்று அங்கேயே இரு என்கிறது.

நீ பிறந்தது பகலா இரவா என்று வீட்டில் கேட்டேன். வீடு இரண்டாகிவிட்டது. அப்பா அன்றைக்கு முதல் ஷிப்ட் பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். கும்மிருட்டு, லைட் போட்டுக்கிட்டுதான் வந்தேன், இதுல என்ன சந்தேகம் என்கிறார். அத்தை விடவில்லை. உனக்கு என்னண்ணா தெரியும், நீ வெளியில பெஞ்சுல தூங்கிட்டிருந்த, பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்ல நான் வெளிய வந்தப்ப வெயில் மூஞ்சியில அடிச்சுது என்கிறாள். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். அவர் வந்தது நீ பிறப்பதற்கு முன்னால், அவள் வெளியே வந்தது நீ பிறந்த பின்னால், நீ நடுவில் எங்கேயோ வந்திருக்கிறாய். சான்றிதழில் மொட்டையாக ஆறு மணி என்று போட்டிருக்கிறார்கள், அதை எவ்வளவு நம்புவது. பெத்தவ நீதானே அண்ணி, உனக்குத் தெரியாதா என்கிறாள் உன் அத்தை. ஜன்னல் வெளுத்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேடமிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வெளுத்தா போதாதும்மா, சூரியன் தலையைக் காட்டியிருக்கணும் என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் நான் சூரியனையா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும்போதும் இதே நினைப்பு. கண் பரிசோதனையில் இரண்டு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது என் வேலைதானே. நேற்று ஒரு பெரியவர், ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு, தப்பாச் சொல்லிட்டா கண்ணாடியும் தப்பாப் போயிடுமா என்று பயந்து கேட்டார். இல்லை ஐயா, ஒரே மாதிரி தெரிஞ்சா அதுவும் பதில்தான் என்றேன். அவரிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னவளுக்கு வீட்டுக்கு வந்ததும் மறுபடி தலை சுற்றுகிறது.

சின்னு, இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்காம் வீடு வந்தபோது நான் ஒரே தடவைதான் போட்டேன். சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பத்தாம் வீடு வந்ததும் திரும்பத் திரும்பப் போட்டேன், கால்குலேட்டர் பழுதோ என்று அப்பாவின் போனிலும் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, உனக்கு வேண்டியது வர்ற வரைக்கும் போடுவியா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வானத்தில் இல்லாத அந்தப் புள்ளியை இத்தனை நாள் நான் எங்கே தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் பார்த்தேன். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை ஆசை என்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம், டிகிரியில் சொல்லியிருக்க வேண்டாம். அதற்காக நீ அங்கேயே இரு என்று சொல்கிறேனா என்றால் அதுவும் இல்லை. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. உனக்கும் தெரியாமல்தான் என்னிடம் கேட்டாய். ஆனால் நீ அந்த லேப்பைப் பற்றிப் பேசும்போது வேகமாகப் பேசுகிறாய், ஊருக்கு வருவதைப் பற்றிப் பேசும்போது மெதுவாகப் பேசுகிறாய். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் பலன் சொல்லப்போவதில்லை, நீயே பார்.

நீ வந்துவிடுவாய் என்று உன் அறையைக் காலி செய்து, புதுக் கட்டிலுக்கு ஆசாரியிடம் அளவும் கொடுத்திருந்தேன். மரத்தை அறுக்கட்டுமாக்கா என்று அவர் நேற்று வந்து நின்றார். பெரிய கட்டில் வேண்டாம், மடக்குக் கட்டிலாகச் செய்துவிடுங்கள் என்றேன். தங்க வர்றவங்களுக்கா, வந்துட்டுப் போறவங்களுக்கா என்று கேட்டார். ரெண்டுக்கும் ஆகிற மாதிரி, ஆனா ஆடாம இருக்கணும் என்று சொல்லி அனுப்பினேன்.

எந்த ஊரில் இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும், அதற்குப் பகலும் இல்லை இரவும் இல்லை. அப்பாவும் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார்கள், கூடவே தன் சாட்சிதான் சரி என்று எழுதச் சொல்லி இரண்டு பேருமே சொன்னார்கள். முடிவை எழுதிக் கொடுக்கிற அன்றைக்கு எனக்குப் போன் செய்யாதே, கொடுத்த பிறகு செய். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா