தலையாட்டிக் கட்டிய வீடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குறை சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் நலமாக இருக்க வேண்டும். பேருந்து ஓட்டிவிட்டு வந்தால் விரல் மடங்கவில்லை என்கிறார் அப்பா, அம்மா குனிந்தாலே இருமுகிறாள், ஆகவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னிடம் பேனா வந்துவிட்டது. கோடு கோணலாக இருந்தால் சலவைக் கடையில் துணி தேய்க்கிற கை என்று மன்னித்துவிடு, துணியை இதைவிட நேராகவே தேய்க்கிறேன்.

இந்தக் குளிர் ஊரில் நாம் கட்டும் புது வீட்டுக்கு நீ எழுதிய யோசனையைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சுவருக்குள் கனமான பஞ்சுப் பலகை, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், குளிர் புகாதபடி இண்டு இடுக்கெல்லாம் அடைப்பு, கெட்ட காற்றின் சூட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அதை வெளியே தள்ளி, நல்ல காற்றை உள்ளே விடும் மெஷின், இவ்வளவும் செய்தால் சின்ன ஹீட்டரே போதும் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு ஒரு வரிகூடப் பிடிக்கவில்லை. "எஞ்சின் சின்னதா இருந்தா வண்டி மேடு ஏறுமா? பெரிய ஹீட்டரா போடு, மிச்சத்த ஜன்னல் பாத்துக்கும்" என்றார். வீட்டின் மூக்கை அடைத்துவிட்டுக் குழாய் வழியாக மூச்சு விடச் சொல்கிறான் என்று உன்னைத் திட்டவும் செய்தார், அதை எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நீ ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் இந்தத் தங்கைதான் காரணம். வீடு கட்டுகிற கம்பெனி ஆபீசுக்கு அப்பா என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டார் என்று யாரோ கூப்பிட, சண்டை போட வெளியே போய்விட்டார். இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, எந்தத் தரத்தில் கட்டலாம், சாதாரணமா, நடுத்தரமா, உயர்தரமா என்று கேட்டார். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்தரம்தானே, மெஷினோடுதானே, சின்ன ஹீட்டர்தானே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நானும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டவில்லை அண்ணா, கேட்டது போதும், வேறு பக்கம் பாருங்கள் என்று ஆட்டினேன். அப்பா திரும்பி வந்து எல்லாம் பேசியாச்சா என்றார். அதற்கும் ஆட்டினேன். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் கட்டிடத்துக்குப் போனால் கூரைக்கடியில் வெள்ளி நிறத்தில் தடித்தடியாகக் குழாய்கள். "என்னய்யா இது, யானைக் குடலை உருவித் தொங்கவிட்ட மாதிரி" என்றார் அப்பா. உங்கள் பெண்தான் கேட்டாள் என்றார் இன்ஜினியர். "எம் பொண்ணா? அவ வாயைத் திறந்திருந்தா பேப்பர்லயே வந்திருக்குமே" என்றார் அப்பா. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, அந்த நேரம் வீட்டுக்கு எந்த ஹீட்டரும் தேவைப்பட்டிருக்காது.

திங்கட்கிழமை மேலே பலகை அடித்து மூடிவிடுவோம், பிறகு குழாயைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்றார் இன்ஜினியர். அம்மாவின் மூச்சைப் பற்றி உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இந்த வாடகை வீட்டில் அலமாரிக்குப் பின்சுவர் முழுக்க ஈரமும் கறுப்புப் பூசணமும்தான். படுத்தால் விசில் மாதிரி இழுக்கிறது, குளிர் ஆரம்பித்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்கயே இந்தப் பாடு படுறா. அங்க இருக்கிற ஓட்டையையும் அடைச்சுட்டா உங்கம்மா என்ன ஆவா?" என்றார். அவருக்கு ஹீட்டர் மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை, பயம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு என் பயம் அவருடையதைவிடப் பெரிதாகிவிட்டது, ஆட்டியது என் தலை அல்லவா.

மெஷினை ரத்து செய்ய சனிக்கிழமை மூவரும் கம்பெனியின் மாதிரி வீட்டுக்குப் போனோம். அதே அடைப்பும் அதே மெஷினும் அங்கேயும் உண்டு, முன்னறையில்தான் அவர்கள் ஆபீஸ். அப்பா உள்ளே போனதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, சூடு எங்கிருந்து வருகிறது என்று சுவர் சுவராகத் தடவினார். பிறகு இன்ஜினியரிடம் கண்ணாடி திறக்காத பேருந்தில் பயணிகள் எப்படி வாந்தி எடுப்பார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். அம்மாவைக் காணோமே என்று தேடிப் போனேன். காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலில், செருப்பைக் கீழே ஜோடியாக விட்டுவிட்டு, மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வாசற்படியில் நின்று வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். இழுப்பு இல்லை. வீடு பார்க்க வந்த ஒரு ஜோடி அறைக்குள் நுழையப் பார்த்தது, "ஆள் தூங்குது, அப்புறமா வாங்க" என்று கை காட்டி அனுப்பினார், தன் சொந்த வீடு மாதிரி. அப்போ ரத்துதானே சார் என்று பின்னாலேயே வந்த இன்ஜினியர் கேட்டார். "மெதுவா பேசுங்க" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, ஹீட்டரையாவது கொஞ்சம் பெரிசாகப் போடலாமா என்றார், தேவையில்லை என்றதும் சும்மா கேட்டேன் என்றார்.

ஒரு தூக்கத்தை நம்பி வீடு கட்டலாமா என்று கேட்பாய். டாக்டரிடமும் கேட்டோம், ஈரமில்லாத வீடும் சுத்தமான காற்றும்தான் இவருக்கு மருந்து, ஆனால் மெஷினின் வடிகட்டியை மறக்காமல் மாற்றுங்கள் என்றார். பலகை அடித்தாகிவிட்டது. அம்மா தூங்கவே இல்லையாம், கண்ணைத்தான் மூடியிருந்தாளாம். அப்பா டிப்போவில் எல்லோரிடமும் மெஷின் தன் யோசனை என்று சொல்லி வருகிறார், என்னைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுகிறார்.

அம்மாவும் அப்பாவும் உனக்கு ஆசி சொல்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள், நீண்ட நாள் நன்றாக இரு. அப்பா முக்கியமாக ஒன்று எழுதச் சொன்னார். "அவன் இருக்கிற ரூம்ல காத்து எப்படி உள்ள வருது, எப்படி வெளிய போகுதுன்னு கேளு. சும்மா நல்லாயிருக்கேன்னு எழுதினா ஒத்துக்க மாட்டேன், சுவரைத் தடவிப் பாத்துட்டு எழுதச் சொல்லு."

இப்படிக்கு,
அப்பா, அம்மா,
அவர்களுக்காக உன் தங்கை