பாலீஷுக்குப் போன உன் வாட்ச்

என் கட்டைவிரலில் இருந்து பாலீஷ் வாசனை போகவே மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். காலையில் இருந்து அறைக்குள் நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்து நடக்கிறேன். உன்னிடம் சொன்னால்தான் அடங்கும். சொன்னால் நீ குதிப்பாய், அதுவும் தெரியும்.

உன் வாட்சுக்குப் பாலீஷ் போட்டாகிவிட்டது. நான்தான் போடச் சொன்னேன்.

கொஞ்சம் பொறு, முழுதாகக் கேள்.

நாம் பேச ஆரம்பித்ததே அந்த வாட்சால்தான். ஆந்திர எல்லையில் நாம் வேலை பார்த்த ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, நீ மட்டும் மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். சாவி கொடுத்து ஓடுகிற பழைய குரோனோகிராஃப், பக்கவாட்டில் இரண்டு பொத்தான். மேல் பொத்தானை அழுத்தினால் மெல்லிய முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தான் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். என் கையிலும் அதே மாதிரி ஒன்று. பார்த்துவிட்டு, "இன்னாபா, நீயும் இந்தப் பைத்தியந்தானா?" என்றாய். திருவள்ளூர் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்து தெலுங்கில் திக்கித் திணறிக்கொண்டிருந்தவன் நான். ஆந்திரப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்காரனான உன் வாயில் அந்த 'இன்னாபா'வைக் கேட்டதும் வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எதைத்தான் நாம் அளக்காமல் விட்டோம்? ரயில்வே கேட் மூடித் திறக்கிற நேரம், கேன்டீனில் சாம்பார் வாளி நம் மேசைக்கு வருகிற நேரம், சூப்பர்வைசர் தெலுங்கில் திட்ட ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற நேரம். முள்ளை நிறுத்திவிட்டு, "நேத்த விட இன்னிக்கு கம்மி" என்று தீர்ப்பு சொல்வாய்.

வாட்ச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய வாட்சுக்குப் பாலீஷ் போடக்கூடாது, போட்டால் வெளிக்கூட்டின் கூரான ஓரங்கள் மழுங்கிப்போகும். நீ அதை மதம் மாதிரி வைத்திருந்தாய். "கீறல எடுத்துட்டா அது யாரோட வாட்ச்சுடா?" என்பாய். உன் வாட்சில் எந்தக் கீறல் எப்படி வந்தது என்று எனக்கு மனப்பாடம். கீழ் ஓரத்தில் இருந்தது உங்கள் ஊர்க் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் வந்தது. பொத்தான் பக்கத்தில் இருந்தது திருச்சானூர் கோயில் வரிசையில் இரும்புக் கம்பியில் உரசியது. "அம்மவாரு கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்று அதைப் பஸ்ஸில் எல்லோரிடமும் காட்டினாய்.

நீ போனபிறகு அந்த வாட்சை நான் பார்க்கவே இல்லை. உன் வீட்டுக்காரியிடம் கேட்க வாய் வரவில்லை. நேற்று மஞ்சுவே போன் செய்தாள். "அண்ணா, அவரு வாட்ச்ச திருப்பதியில பாலீஷுக்குக் குடுத்துக்கீறேன். புதுசாட்டம் பண்ணித் தரேன்னு சொல்றாரு. கடையிலதான் நின்னுக்கினு இருக்கேன்."

"கைய வைக்க வேணாம்னு சொல்லு, வந்துக்கினே இருக்கேன்" என்று கத்திவிட்டு ஓடினேன். ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேர்கிற வரை நகர மாட்டேன் என்றான். அவனைத் திட்டி, இறங்கி, வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து, வேறொரு ஆட்டோவைப் பிடித்தேன். உன் கோபம் முழுக்க என் உடம்பில் ஏறியிருந்தது. பாவம், விஷயம் தெரியாமல் செய்துவிட்டாள், நான் போய்க் காப்பாற்றிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் இன்னும் மிஷினைப் போடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏமி சார், ஆப்பேயாலா?" என்று நிறுத்தட்டுமா எனக் கையைக் காட்டினார். வாட்சை வாங்கித் திருப்பினேன். எனக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தது. ஸ்ட்ராப் மாட்டுகிற முனையில் இருந்து பொத்தான் வரைக்கும் தார் ரோடு இழுத்த கோடு. உள்ளே கறுப்பு இன்னும் ஒட்டியிருந்தது. நீ வண்டியோடு விழுந்த புத்தூர் ரோடு.

மஞ்சு என்னைப் பார்க்காமல் பேசினாள். "உங்க ரெண்டு பேருக்கும் பாலீஷ் ஆவாதுன்னு எனக்குத் தெரியும்ணா. தெரிஞ்சுதான் குடுத்தேன். கட்டிக்கலாம்னு எடுப்பேன். அந்தக் கோடு கையில பட்டதும் வெச்சுடுவேன். எடுக்கறதும் வெக்கறதுமாவே கீறேன்."

அந்த ஒன்றை மட்டும் எடுக்க முடியாதா என்று கடைக்காரரைக் கேட்டேன். ஒரு பக்கம் பள்ளமாகிவிடும், சுற்றிலும் சமமாகத் தேய்த்தால்தான் சரியாக இருக்கும் என்றார். அப்படியென்றால் மோட்டார் கொட்டகையும் போகும், அம்மவாரு கையெழுத்தும் போகும். வேண்டாம்டா என்று நீ காதுக்குள் கத்தினாய். நான் மஞ்சுவின் வெறுங்கையைப் பார்த்தேன். "தேய்ங்க" என்றேன்.

மிஷின் சத்தத்தில் பல் கூசியது. முடிந்ததும் ஓரங்களில் ஒட்டியிருந்த பாலீஷ் பசையை நானே கட்டைவிரலால் துடைத்தேன். வழவழவென்று இருந்தது. நீ சொன்ன மாதிரியே, யாருடைய வாட்சோ என்றுதான் தோன்றியது.

மஞ்சு கட்டிக்கொண்டாள். அவள் கைக்குப் பெரிது, மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். மேல் பொத்தானை அழுத்தினாள், முள் ஓடியது. "நான் பொடவ கட்டறதுக்குக் கூட நேரம் புடிப்பாரு, தெரியுமாண்ணா?" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது நேற்றுதான். நிறுத்துவதற்குக் காட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "வோணாண்ணா, ஓடிக்கினு இருக்கட்டும்" என்றாள். எப்போதும் ஓடவிட்டால் உள்ளே தேய்மானம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். முள் ஓடுகிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுதான் நடந்தது. செய்தது சரி என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, உன் கீறல்களை என் கையாலேயே அழித்துவிட்டேனே என்று மறுபடி எழுந்து நடக்கிறேன். இனி அவை இருப்பது என் ஞாபகத்தில் மட்டும்தான். எனக்கோ ஞாபகமறதி என்று கிண்டல் செய்தவனே நீதான். நேற்றில் இருந்து உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ பதில் பேசாததால் அது முடியவே மாட்டேன் என்கிறது. நான் செய்தது தப்பு என்றால், ஒரே ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போயேன்டா.