ஓடக்கரைத் தாயின் பாட்டு

ஜூன் 26, வியாழன்

சாரல் காற்று. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வாங்க வேண்டியவை: தைராய்டு மாத்திரை, நல்லெண்ணெய், ஊக்கு.

மாலை தச்சநல்லூர். காதர் அண்ணாச்சியின் (கா.அ.) டைல்ஸ் கடை மாடியில் ஒத்திகை. நூறு வருஷத்துப் பழைய நாவல் ஒன்றைப் பாட்டு நாடகமாகப் போடுகிறார். கோரஸ் முழுக்க எங்கள் பாளையங்கோட்டை சர்ச் கொயர். கீபோர்டு என் அண்ணன். நான் வசனம் எடுத்துக் கொடுக்கிறவள் மட்டும். கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு பாடுவதில்லை, கொயருக்கும் போவதில்லை. மேல் சுரத்துக்கு ஏறினால் குரல் நடுவழியில் நின்றுவிடும்.

ஆனாலும் பாட்டு நாடகப் பைத்தியம் பிடித்துவிட்டது. போன மாதம் போனில் ஒரு வெளிநாட்டு நாடகம். தடிமனான ஒரு நாவலைப் பாடியே முடித்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தேன். இப்போது எந்த நாவலை எடுத்தாலும், இங்கே ஒரு பாட்டு வரணுமே என்று பென்சில் கோடு. நூலகப் புத்தகம் வேறு. அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

தாய் வேஷம் போடுகிறவளின் மகளுக்குத் துபாயில் பிரசவம். விமானம் ஏறிவிட்டாள். கா.அ. போன்.

"தாய் பாட்டை நீங்கதான் பாடுதிய, தங்கச்சி."

"என் குரல் உடைஞ்சிரும் அண்ணாச்சி."

"ஓடத்துல போற மவளைக் கரையில நின்னு கூப்பிடுதா. உடைஞ்சா என்ன?"

வைத்துவிட்டார். டைல்ஸ் விற்கிற மாதிரியேதான் பேசுகிறார், மறுக்க இடமில்லாமல்.

ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

ஜூலை 3, வியாழன்

வெயில், சாரல், மறுபடி வெயில். ஒத்திகை. "ஓடம் திரும்பும் நேரம் சொல்லடி" என்கிற வரி. "நேரம்" மேலே ஏறுகிற இடம். ஒவ்வொரு தடவையும் அங்கேயே நின்றது. அண்ணன் திட்டாமல் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதுதான் கஷ்டம்.

நாவலில் அந்த இடம் ஒரு அத்தியாயம் முழுக்க அழுகை. பாட்டில் நாலே வரி. இப்படி வெட்டிவிட்டார்களே என்று முதலில் எனக்குக் கோபம். பாடிப் பார்த்தால் அத்தியாயம் முழுக்க உள்ளேதான் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் மைனி (அண்ணன் மனைவி, கொயரில் என் பக்கத்தில் நின்று பாடியவள்): "நின்னா நிக்கட்டும் ஸ்டெல்லா. பொறவு பையப் பைய பாட்டை எடு."

கொயர் பெஞ்சில் என் இடத்தில் இன்னும் வாராவாரம் தன் கைப்பையை வைக்கிறாளாம், வேறு யாரும் உட்காராதபடி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன்தான்.

ஜூலை 5, சனி

முதல் காட்சி முடிந்தது. 

மண்டபம் நிறைந்த கூட்டம். பாதி கா.அ.வின் சொந்தக்காரர்கள், பாதி எங்கள் சர்ச். தாய் பாட்டு வந்தது. "நேரம்" வந்தது. குரல் நின்றது. சுத்தமாக.

அண்ணனுடையது காலமெல்லாம் ஆராதனைக்கு வாசித்த கை. பாட்டு நின்றால் அது தானாகப் போகும் இடம் ஒன்றுதான். ஆமென். வாசித்தேவிட்டார். பின்னால் கோரஸும் விடவில்லை. நாலு குரலில், இழுத்து, ஆ... மென். முன்வரிசையில் எங்கள் ஆட்கள் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து அண்ணாச்சியின் ஆட்களும். ஆற்றங்கரைப் பண்ணையார் வீட்டுக் கதையில் ஆமென்!

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு. அப்புறம்தான் உறைத்தது, ஆமெனை நானும் பாடியிருக்கிறேன். என் பழைய ஆல்டோ, கீழ்ச் சுரம், பிசிறில்லாமல். அதே சுரத்திலிருந்து விட்ட வரியைத் தாழ்வாக எடுத்தேன். கடைசி வரை போனது. ஜனம் நின்றபடியே கேட்டது.

திரை விழுந்ததும் அண்ணன் ஓடினார். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, கை பழக்கத்துல போயிட்டு."

"எதுக்கு மன்னிப்பு? துஆ ஓதி முடிஞ்சா நாங்க ஆமீன் சொல்லலையா? நாளைக்கும் அங்கன அப்படியே இருக்கட்டும் வே."

ஆண்டவருக்கு நன்றி. கா.அ.வுக்கும். எழுந்து நின்ற எல்லாருக்கும். அண்ணன் கைக்குத் தனியாக.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல வெயில். துணி காய்ந்துவிடும். மாலை இரண்டாவது காட்சி. ஊக்கு மறக்கக் கூடாது.

காலை ஆராதனைக்குச் சீக்கிரமே போனேன். நேரே கொயர் பெஞ்சுக்கு. மைனி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.