பெற்றதும் தங்கியதும்

வடக்கனந்தல்
பிரபவ வருஷம், ஐப்பசி 12

அன்புள்ள ஜெயசுதாவுக்கு அம்மா எழுதுவது. கொளஞ்சியப்பர் தயவில் நானும் அப்பாவும் தம்பி சிவசங்கரும் சுகம், கறவைப் பசுவும் சுகம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக நம்பச் சொல்கிறாய், நம்புகிறேன். உன் கடிதம் போன வாரம்தான் வந்து சேர்ந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்ததில் ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ்ஸும் இல்லை தபாலும் இல்லை. நாங்க எத்தினி பேர் இருக்கறோம்னு சர்க்காரு ஒழுங்கா எண்ணட்டும் என்று நம் தெரு ஆம்பளைகள் தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்து சுக்குக் கஷாயம் கேட்டார்கள். உன் அப்பா கத்தவில்லை, கத்தியவர்களுக்குத் தலையாட்டினார், அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எண்பத்தொன்றில் ஜனத்தொகை எடுத்தபோது தாய்மாரிடம் பெற்றது எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை என்று கேட்டார்களாம், கழித்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் செத்தன என்று தெரிந்துவிடுமாம், தாயின் வயதைக் கொண்டு எந்த வருஷத்தில் என்றுகூடச் சொல்லலாமாம். கழித்தல் எனக்கும் வரும், பள்ளிக்கூடத்தில் இல்லை, பால் கணக்கில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் கல்வராயன் மலையில் பிள்ளைச் சாவு நம்மைவிடக் கம்மி என்று கண்டுபிடித்திருக்கிறாயே, மலைக்காற்றுதான் காரணம் என்று உன் பேராசிரியர் சொன்னாராமே, அங்கே சிரித்துவிட்டேன். அவ்வளவு நல்ல காற்று என்றால் அவரை ஒரு மழைக்காலம் மேலே வந்து குடியிருக்கச் சொல், ஜுரம் வந்தால் காற்றையே சங்கில் பிடித்துப் புகட்டலாம். பிறகு கடைசிப் பத்தியைப் பார்த்தேன். நீங்கள் எழுதும் அறிக்கை தை மாதம் மெட்ராஸுக்குப் போகும், நர்ஸை எந்த ஊரில் போடுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், மலைக்கு அவசியம் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். அதோடு சிரிப்பு நின்றது.

மலையில் கணக்கெடுத்தது நம் ராமசாமி வாத்தியார். பாவம், ஏறினார், கேட்டார், எழுதினார், அட்டை கடித்த காலை இன்னமும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பெற்றதையா சொல்வார்கள், தங்கினதைத்தான் சொல்வார்கள். போனதை வாயால் எண்ணினால் இருப்பதற்கு ஆகாது என்று பயம். பெற்றது எத்தனை என்றாலும் நாலு, இருப்பது எத்தனை என்றாலும் நாலு. நாலில் நாலைக் கழித்து சைபர் போட்டு அதற்கு மலைக்காற்று என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். பம்பாய்க்காரருக்குத் தெரியாதது சரி, வடக்கனந்தலில் பிறந்த உனக்குமா மறந்தது?

நமக்குப் புளி கொண்டுவருகிற மலைக்காரி இருசாயியை நினைவிருக்கும். ஆடியில் வந்தபோது எனக்கு நாலும்மா என்றாள், கடைக்குட்டி அவள் இடுப்பில் இருந்து என் முந்தானையை இழுத்து முறுக்கு வாங்கிக்கொண்டது. முந்தாநாள் இடுப்பு காலியாக வந்தாள். உன் கடிதம் மனசில் இருந்ததால், நீ பெத்தது எத்தினி இருசாயி என்று கேட்டுவிட்டேன். "மூணும்மா" என்றாள், கூடையைத் தட்டிக்கொண்டே. அவள் புருஷன் பச்சமுத்துதான் வாசலில் நின்று சொன்னான். மறியல் வாரத்தில் பிள்ளைக்குப் பேதி கண்டதாம், தூக்கிக்கொண்டு இறங்கினால் பஸ் இல்லையாம், வெட்டிக் கிடந்த மரங்களை ஏறி ஏறித் தாண்டிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தார்களாம். "பாதி வழியிலயே கம்முனு ஆயிடுச்சிம்மா" என்றான். எங்களை எண்ணு என்று சொல்லித்தான் அந்த மரங்களை வெட்டினார்கள். தொண்ணூற்றொன்றில் யாராவது வந்து கேட்டால் இருசாயி இரண்டு கேள்விக்கும் மூணு என்றுதான் சொல்வாள், உங்கள் மலைக்காற்றுக்கு இன்னொரு பாராட்டு கிடைக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டையே பார். வாத்தியார் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன், பெத்தது ரெண்டு, இருக்கறது ரெண்டு என்று உன் அப்பாவே சொல்லி அனுப்பிவிட்டார், பெற்றவர் அவர்தானே. உனக்கு முன்னால் பிறந்து, முடி இறக்குமுன் போன உன் அண்ணனுக்கு மாசி மாசம் நீயேதான் விளக்கேற்றுவாய். உன் கணக்கில் அவனும் இல்லை. அதனால் கேட்ட கேள்வி வேறு, வந்த பதில் வேறு என்று அறிக்கையில் எழுதி, மலைக்கு நர்ஸ் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. உன் பேராசிரியர் மறுத்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் அவர் மேல் சீட்டெழுதிப் பிராது கட்டிவிடுவேன். தூரத்துக்குத் தகுந்தபடி சாமிக்குப் படிக்காசு கட்டவேண்டும், பம்பாய் தூரத்துக்கு உன் அப்பா தலையில்தான் விழும்.

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெத்தது மூணுன்னே எழுதச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. தை பிறக்குமுன் அறிக்கையைத் திருத்து. தீர்க்காயுசாக, நோய்நொடி அண்டாமல் இரு.

மூன்று பெற்ற உன் அம்மா,
கொளஞ்சியம்மாள்