ஓடத் தெரியாத கென்யாக்காரி

லிமெரிக்,
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்புள்ள ஜெரொதிச்சுக்கு,

கெம்போய் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பயிற்சியில் உன் குதிகால் தசைநார் அறுந்த செய்தியை வியாழக்கிழமை உன் அண்ணன் சொன்னார். இனிமேல் போட்டிகளில் ஓடுவது சந்தேகம் என்று எல்டொரெட் மருத்துவர் சொல்லிவிட்டாராம். உன் ஓட்டத்துக்காக இந்தப் பல்கலைக்கழகம் தருவதாக இருந்த உதவித்தொகையும் அதோடு போயிற்றாம். கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போனில் முகத்தைப் பார்த்தால் நீ எனக்காகச் சிரிப்பாய், நான் உனக்காகச் சிரிப்பேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

காலை உயரத்தில் வைத்துக்கொள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மருத்துவர் சொன்னதை மட்டும் செய்.

செப்டம்பரில் வந்ததும் எந்தச் சங்கத்தில் சேரலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். இப்போது அதற்கு அவசியமில்லைதான். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

நான் வந்த புதிதில் பெரிய கூடமொன்றில் மேசை மேசையாகச் சங்கங்கள் போட்டிருந்தார்கள். அலைச்சறுக்குக்கு ஒன்று, பின்னல் வேலைக்கு ஒன்று, பட்டிமன்றத்துக்கு ஒன்று. நான் பாட்டுக்குழுவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டச் சங்கத்தின் தலைவன் கஹல், சிவந்த தலைமுடிக்காரன், வழிமறித்து எந்த ஊர் என்று கேட்டான். ஓட்டக்காரர்களின் ஊர் என்று உலகமே சொல்லும் நம் இட்டெனின் பெயரைச் சொன்னதும் கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்: "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! இட்டென்ல இருந்தே ஆள் வந்திருக்கு!"

எனக்கு ஓட வராது, என் தோழிதான் ஓடுவாள் என்று சொன்னேன். "உங்க ஊர்க்காரங்க எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வீங்க," என்று சிரித்துக்கொண்டே ஒரு ஜெர்சியை என் கையில் திணித்தான். ஏன் வாங்கினேன் என்று நீ கேட்பாய். இந்த நாட்டில் இறங்கியதிலிருந்து என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை, ஜெரொதிச்.

பயிற்சியில் நான் பின்தங்கியபோதெல்லாம் குளிர் பழகவில்லை, சாப்பாடு பழகவில்லை என்று அவர்களே காரணம் சொல்லிக்கொண்டார்கள். நவம்பரில் பல்கலைக்கழகங்களுக்கிடையே சேற்று வயலில் ஓட்டப்போட்டி. நான்காவது ஆளாக என்னை இறக்கினார்கள். நான் எல்லைக்கோட்டை நெருங்கும்போது கயிற்றையும் கொடிகளையும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னக் குழந்தை நடை பழகினால் கைதட்டுவோமே, அப்படிக் கைதட்டினார்கள். நீ ஜெயித்து வந்தபோதெல்லாம் உன் அம்மா குடுவையில் மூர்சிக் மோரை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

கஹல் தன் மேல்சட்டையை எனக்குப் போர்த்தி, "எல்லாம் கிராண்ட், கெம்போய், விடு," என்றான். 'பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்பதற்கு இங்கே எப்போதும் அந்த ஒரு சொல்தான். மழையும் கிராண்ட், தோல்வியும் கிராண்ட். திரும்பும் வழியில் வேனின் பின்இருக்கையிலிருந்து ஒருத்தி, "ஏர்போர்ட்ல பெட்டி மாறி வந்துடுச்சு போலிருக்கு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் பயிற்சி இடத்தை மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல மறந்துபோனார்கள். வழக்கமாகக் கூடும் ஷானன் ஆற்றங்கரையில் நெடுநேரம் மழையில் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் உனக்கு உதவித்தொகை கிடைக்கப்போகிறது என்று நீ எழுதினாய். கப்சபெட்டில் நீ ஓடி ஜெயித்த காணொளியைக் கஹலிடம் காட்டினேன். "ஆத்தாடி! காலா அது?" என்று வாயைப் பிளந்தான். அன்றிலிருந்து மறுபடியும் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். "உன் தோழி எப்ப வர்றா? நீ ஒழுங்கா சாப்பிடு, அவ வரும்போது நீ இங்க இருக்கணும்ல," என்று கேலி செய்தார்கள். நான் அங்கே உன் பெயரைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது. செப்டம்பர் வரை எப்படியாவது தள்ளிவிடலாம் என்றிருந்தேன்.

என் பக்கத்து அறை மேவ் நல்ல பெண். வெள்ளிக்கிழமை ஆனால் அழுக்குத் துணி மூட்டையோடு பேருந்து ஏறித் தன் ஊருக்குப் போய்விடுவாள். இந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். ஞாயிறு மாலை அவள் அம்மா சுட்ட ரொட்டியில் எனக்கும் பாதி கொண்டுவருவாள். என்னையும் ஊருக்குக் கூப்பிட அவளுக்குத் தோன்றியதில்லை. வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை இந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சில நாள் என் குரலைக் கேட்பதற்காகவே உன்னோடு உரக்கப் பேசுவேன்.

இதை அம்மாவிடம் சொல்லாதே. கொஞ்ச நாளாக நான் வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை. காலையில் காலணியை மாட்டிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் வருகிறது, போகிறது. கதவுவரை போக முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் எப்படியோ எழுந்து போய்க் கஹலிடம் உன் கால் பற்றிச் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது, பொய்யில்லை. "ஐயோ, பாவம் அந்தப் பொண்ணு," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "கெம்போய், தப்பா நினைச்சுக்காத. உங்க ஊர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

அவன் கெட்டவனாக இருந்தால் கோபித்துக்கொள்ளலாம். நல்லவன். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் வெளியே போகவில்லை.

நீ ஓட வேண்டாம், சும்மா வந்து இந்தச் சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்தால் போதும் என்று எழுதத் தோன்றுகிறது. வர வழியில்லை என்றும் தெரியும். நானாகத் திரும்பி வரவும் முடியாது. தேவாலயத்தில் ஊரே கூடி, பாட்டுப் பாடி, தலையில் கைவைத்து வாழ்த்தி அனுப்பினார்களே, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆகவே ஒன்று செய். ஊன்றுகோலோடு நடக்க முடிகிற அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் போ. கால் இப்படி ஆகிவிட்டது, கூடமாட உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், கெம்போயை வரச்சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேள். நீ கேட்டால் அவள் மறுக்கமாட்டாள். ஊரும் ஒன்றும் சொல்லாது.

கடவுள் உன் காலைச் சீக்கிரம் ஊன்ற வைக்கட்டும். சீக்கிரம் போய்க் கேள், ஜெரொதிச். உனக்காகத்தான் சொல்கிறேன்.

என்றும் உன்,
கெம்போய்